எங்க புள்ள, நாங்க கூவுவோம்

கேளம்பாக்கம் தாண்டியதும் ஷேர் ஆட்டோ பஞ்சர். டிரைவர் டயரை மாற்றும்வரை சாலையோர மைதானத்தில் கால்பந்து பார்க்கிறேன். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. கிடைத்த பெனால்டியையும் பத்தாம் நம்பர் சட்டைக்காரன் கம்பத்துக்கு மேலே அடித்துத் தொலைத்துவிட்டான். அதிலிருந்து அவன் காலுக்குப் பந்து வந்தாலே சொந்த ஊர்க்காரர்கள் 'ஊ...' என்று ஊளையிடுகிறார்கள். என் பக்கத்தில் நிற்கும் ஓர் உள்ளூர் அம்மாவின் குரல்தான் உச்சம்.

பஞ்சர் எரிச்சலோ என்னவோ, நானும் ஒரு 'ஊ' போடுகிறேன்.

அந்த அம்மா வெடுக்கென்று திரும்புகிறார். "எந்த ஊரு நீ?"

"மதுரைங்க."

"அப்ப நீ இன்னாத்துக்குக் கூவுற? அவன் எங்க புள்ள, நாங்க கூவுவோம். நீ மூடிகினு பாரு."

மூடிக்கொள்கிறேன்.

கடைசி நேரத்தில் இன்னொரு பெனால்டி. வேறொருவன் பந்தை எடுக்கிறான். பத்தாம் நம்பர் அதைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொள்கிறான். யார் கேட்டும் தரவில்லை. ஊளை காதைப் பிளக்கிறது. அவன் தலை நிமிராமல் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான்.

ஆட்டோ தயார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

ஊளையைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த அம்மா அவரை அதட்டுகிறார்: "யோவ், சத்தம் போடாத! புள்ள அடிக்கப் போறான்ல?"