பூவை நம்பிய ஐந்நூறு ரூபாய்

பாகலூரில் எங்கள் நிலத்துக் கிணறு கோடையில் வற்றிவிடும். இன்னும் பத்தடி வெட்டினால் ஊற்று கிடைக்கும் என்றார்கள். அதற்காகவே என் தாய்வீட்டுச் சங்கிலியை விற்று ஐந்நூறு ரூபாய் வைத்திருந்தோம். ஐம்பதுகளில் அது பெரிய தொகை.

அந்தத் தை மாதம் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஞானம் வந்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி நடக்கிற ஊரில் மூன்று ரூபாய் தர ஆள் இருக்கும்போது பணத்தைக் குழியில் போடுகிறவன் மடையன் என்றார். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம்; எங்கள் ஊர் மைசூரோடு போகுமா, சென்னையோடு இருக்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. நிலம் வாங்க ஆளில்லை. காசு வைத்திருந்தவர்கள் அதை வட்டிக்கு விட்டுவிட்டு, மகா மேதைகள் போல டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கும் அங்கே போய் உட்கார ஆசை, அவ்வளவுதான்.

கடன் கேட்டவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காய் வியாபாரி. பூக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர். ஈடாக அந்த வருடத்துப் பூவை எழுதிக் கொடுத்தார். நிலத்தை ஈடு வாங்குகிறவர்கள் உண்டு, நகையை வாங்குகிறவர்கள் உண்டு. பூவை வாங்கிய புத்திசாலி எங்கள் வீட்டில்தான் இருந்தார். பஸ் ஏறிப் போய் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இலையே தெரியல புள்ள, அத்தனை பூ," என்றார்.

"நூத்துக்கு மூணு தரேங்கறாருன்னா, ரெண்டுக்குக் குடுக்க அவரை நம்பி ஒருத்தரும் இல்லீன்னுதானுங்க அர்த்தம்?"

பெண்களுக்கு வட்டிக் கணக்கு புரியாது என்று சொல்லிவிட்டார்.

மாசியில் மூடுபனி இறங்கிப் பூவெல்லாம் கருகிக் கொட்டியது. வியாபாரி எல்லை தாண்டி எங்கோ உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். வழக்குப் போடச் சொன்னேன். நம் ஊர் எந்த ராஜ்யம் என்று முடிவாகட்டும் என்றார் இவர். அது முடிவானபோது வியாபாரி இருக்கும் இடம் யாருக்கும் தெரியவில்லை. கிணறு அப்படியே கிடந்தது. இரண்டு கோடை பயிர் காய்ந்ததும் நிலத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தோம். அதே நிலத்தில் நான் கூலிக்குக் களை எடுத்தேன்.

இத்தனை வருடமும் அவரைத்தான் ஏசி வந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. பணம் கைமாறிய அன்றே மூன்று மாத வட்டி என்று நாற்பத்தைந்து ரூபாயை, அந்த ஐந்நூறிலிருந்தே எடுத்து வியாபாரி எங்களிடம் நீட்டினார். என் சங்கிலிப் பணம்தான் அது. என் கண் முன்னால்தான் எண்ணினார். நான் அதில் ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு, பூ கருகும்வரை வாயே திறக்கவில்லை.