முகத்தில் ஏறிய வயது

என் மாமாவுக்கு வயது முகத்தில் மட்டுந்தான் ஏறியது. கால்களுக்கு ஏறவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு எட்டு வயது.

அவர் அம்மாவின் தம்பி. அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர். அதற்கு மேல் கணக்கு யாருக்கும் தெரியாது. கைக்குழந்தையாக அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, தூக்கி வந்தார்களாம். தெல்தோட்டைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டுவது. எங்கள் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், எங்களோடுதான் இருந்தார். உருண்டை முகம். சிரித்தால் கண்கள் கன்னத்துக்குள் போய்விடும்.

கெலிஓயாவில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பன் அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் கடைக்கு மாட்டுக் கரத்தை ஓட்டினார். எங்களைப் போலவே கிறிஸ்தவ வேதக்காரர்கள். பெண்ணின் தாய்க்கு மாமாவின் முகம் பிடித்துவிட்டது. தகப்பனுக்கு வேலை பிடிக்கவில்லை.

“கவ்வாத்து வெட்டுறவனுக்கு எம்பொண்ணக் குடுக்க ஏலாது. சட்டையப் போட்டுக்கிட்டு பையத் தூக்கிட்டுப் போற தபால்காரன் வேல கெடச்சா வாங்க, பேசலாம். ஒரு வருசம் பாப்பேன்” என்றார்.

தோட்டத்துக் கடிதப் பையைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் கிழவர் அந்த வருடத்தோடு நிற்கப்போவது எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தைக் கேட்டு மாமா பங்களாவுக்குப் போனார். பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

சின்னத்துரை சீமையிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஓடுவதில் பைத்தியம். துரைமார் சேர்ந்து ஓர் ஓட்டப் பந்தயம் வைக்கப் பேசியிருந்தார்கள். தோட்டத்துக்கு ஓர் ஆள். தெல்தோட்டையிலிருந்து பேராதனைப் பாலம் வரை ஓட வேண்டும். அதில் முதலாவதாக வந்தால் தபால் வேலை என்று சின்னத்துரை சொல்லிவிட்டார். மாமாவைத் தானே பழக்குவதாகவும் சொன்னார். அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. எப்படி ஓடுவது, எப்படி மூச்சு விடுவது, என்ன சாப்பிடுவது, ஓடிய பிறகு எவ்வளவு நேரம் படுப்பது எல்லாம் அதில் எழுதியிருந்ததாம். மாமாவுக்கு அந்தப் புத்தகத்தில் ஓடுகிற பக்கங்கள் மட்டும் கிடைத்தன.

விடியுமுன் இருவரும் மலை ஏறி ஓடுவார்கள். ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், எட்டுக் கட்டை, பிறகு பத்துக் கட்டை. இருவருக்கும் தூரம் ஒன்றுதான், வயதும் அநேகமாக ஒன்றுதான். ஓடி முடித்ததும் சின்னத்துரை சுடுநீரில் குளித்து, இறைச்சி சாப்பிட்டு, விறாந்தையில் கதிரையைச் சாய்த்துப் படுப்பார். மாமா ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவார். ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அந்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை இல்லை. சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது ஒரேயொரு முட்டை. பங்களாக் குசினிக்காரர் தினமும் அவித்துக் கொடுப்பார். மாமா அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் தருவார்.

“எனக்கு அந்த வாடை ஒத்துக்காதுடா” என்பார். நான் தின்றேன்.

ஆறேழு மாதத்தில் சின்னத்துரை கொழுந்து போலத் தெளிந்து நின்றார். மாமாவின் முகம் கரைந்தது. முதலில் கன்னம் போயிற்று. பிறகு நெற்றிப்பொட்டு இரண்டும் குழிந்தன. கழுத்துத் தோல் மடிந்து தொங்கியது. வெயிலும் காற்றும் அடித்த முகத்தில், மழைத் தண்ணீர் போக மலையில் வெட்டிய கான் போலக் கோடுகள் விழுந்தன. சிரித்தால் இப்போது கண் மறையவில்லை, மறைய இடமில்லை.

“போதும் தம்பி, மூஞ்சி வத்திப்போகுது” என்று அம்மா சொல்வாள்.

“ஓடுறது காலுதானக்கா. மூஞ்சிய என்னா, தூக்கிக்கிட்டுத்தான போறேன்?”

பிற்காலத்தில் நான் பல ஊர்களில் பல வேலை பார்த்தேன். கண்டியில் ரிக்‌ஷா இழுப்பவர்களோடு ஒரே கொட்டிலில் படுத்து எழும்பியிருக்கிறேன். நாற்பது இருக்கும் என்று நினைத்து அண்ணே என்றால், இருபத்தைந்துதான் ஆகிறது என்பார்கள். ஓட்டம் ஆளிடமிருந்து எடுப்பதைச் சோறும் தூக்கமும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது முகத்திலிருந்துதான் முதலில் எடுக்கும். எட்டு வயதில் எனக்கு முட்டையின் ருசி மட்டும் தெரியும்.

பந்தயத்தன்று தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் நாங்களும் பேராதனைக்குப் போனோம். மாமா முதலாவதாக வந்தார். இரண்டாவது ஆள் பாலத்துக்கு அப்பால் வளைவில்கூடத் தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி மாமாவிடம் வந்து ஏதோ கேட்டார். கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார்: “இந்த வயசிலயும் எப்பிடி ஓடுறீர் எண்டு கேக்கிறா.” மாமா தரையைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். லயத்துக்கு வந்ததும் அதை எல்லா வாசலிலும் சொல்லிக் காட்டினேன். மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவரைக் கெழவன் என்று கூப்பிட்டார்கள்.

தபால் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறே அதைப் போட்டுக்கொண்டு மாமா கெலிஓயாவுக்குப் புறப்பட்டார். அம்மா, அப்பா, நான் கூடப் போனோம். பெண்ணின் தாய் வாசலுக்கு வந்தாள். மாமாவைப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டாள்.

“வாங்க பெரியவரே, உக்காருங்க” என்றாள். பிறகு அம்மாவிடம், “மாப்புள பின்னால வாறாரா?” என்றாள்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான், “இவருதான் மாப்புள!” என்று கத்திச் சிரித்தேன்.

தகப்பன் கதிரையை மாமாவின் முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவருடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். “ஒளிக்காமச் சொல்லுங்க. போன வருசம் காட்டுனது தம்பியா? இவருக்கு இது ரெண்டாந்தாரமா?”

“அதே ஆளுதாங்க. எனக்கு எளையவன். ஆண்டவர் மேல சத்தியம்” என்றாள் அம்மா.

“ஆண்டவர ஏம்மா இழுக்கிறீங்க? நாந்தான் கண்ணால பாக்குறேனே.”

அந்த வீட்டில் கரத்தைக்காரரின் தங்கையும் இருந்தாள். புருஷன் காய்ச்சலில் செத்துப் பல வருடமான விதவை. மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் குனிந்த இடத்திலேயே நின்றாள். “காலப் பாருங்க அண்ணி. இது கெழவன் காலா? ஓடித் தேஞ்ச மூஞ்சி இது” என்றாள்.

“காலுக்கா கட்டிக் குடுக்கிறது?” என்றாள் அண்ணி.

ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் முகம் திரும்பிவிடும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவர்கள் காத்திருக்கவில்லை. பெண்ணைக் கம்பளையில் ஒரு தையற்காரனுக்குக் கொடுத்தார்கள். முகமும் திரும்பவில்லை; தபால் பை தினமும் அவரை நடத்திக்கொண்டே இருந்தது.

மழை தொடங்கிய காலத்தில் கரத்தைக்காரர் ஆள் அனுப்பினார். தன் தங்கை இருக்கிறாள், வயது பொருத்தமாக இருக்கும், விருப்பமா என்று கேட்டிருந்தார். அம்மா அடுப்பங்கரைக்குள் போய் வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். மாமா வெகுநேரம் காலணியைத் துடைத்தார். பிறகு, “வரச் சொல்லுங்க” என்றார்.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் பெயர் எழுதினார்கள். யாழ்ப்பாணத்துச் சுவாமியார். மாமாவின் ஞானஸ்நான ஏடு அக்கரையில் இருந்தது. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. வாயால் சொல்வதுதான் வயது. முதலில் அவளைக் கேட்டார். “நாப்பது” என்றாள் மெதுவாக.

“உமக்கு எத்தினை வயசு?”

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். “நாப்பத்திரெண்டு சுவாமி.”

நான் அப்போது முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வது எந்தக் கட்டளைக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். “இல்ல சுவாமி. மாமா எங்கம்மாவுக்கு எளையவரு. அம்மாவுக்கே முப்பது ஆகல” என்றேன்.

அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். சதை கையோடு வந்துவிடும் போலிருந்தது. “சின்னப்பய. தெரியாமப் பேசுறான் சுவாமி. தம்பியில்ல, எனக்கு அண்ணன்” என்றாள்.

சுவாமியார் மாமாவின் முகத்தைப் பார்த்தார். அதில் அவருக்குச் சந்தேகம் வர ஒன்றுமில்லை. எழுதினார்.

வெளியே மழை விட்டிருந்தது. பொய் சொன்னால் கிள்ளுகிற அம்மா இன்றைக்கு எதற்குக் கிள்ளினாள் என்று தெரியாமல் நான் தொடையைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன். முன்னால் அத்தையாகப் போகிறவள் மாமாவோடு சேர்ந்து நடந்தாள். பொருத்தமான ஜோடி என்று வாசலில் யாரோ சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்து, “ஏன் அழுறாங்க?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“கல்யாணம்னா பொம்பளைங்க அழுவாங்கடா” என்றார் அப்பா.

நான் நம்பினேன்.