நாற்பதில் வைத்த பொட்டு

எங்கள் பிக்கப் வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதற்கு ஐந்து பொட்டு வைத்தாள். முன்னால் நம்பர் பலகைக்கு மேலே ஒன்று, பக்கக் கண்ணாடிகளில் ஒவ்வொன்று, ஸ்டியரிங் நடுவில் ஒன்று. ஐந்தாவதை எங்கே வைப்பதென்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஸ்டியரிங் இடுக்கில் கையை நுழைத்து, மீட்டரை மூடியிருக்கும் கண்ணாடியில் சந்தனம் தீற்றி அதன் மேல் குங்குமம் வைத்தாள். வேகம் காட்டும் முள் சுற்றுகிற வட்டத்தில், சரியாக நாற்பதின் மேல் விழுந்தது அது.

அம்மா எண்ணைப் பார்த்து வைக்கவில்லை. கை எட்டிய இடத்தில் வைத்தாள். அப்பாதான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

"நாப்பதுக்கு மேல போவாதன்னு அம்மனே கோடு போட்டுட்டா" என்றார்.

அன்றிலிருந்து முள் பொட்டைத் தொடும், தாண்டாது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அதே இடத்தில் புதிதாக வைத்துவிடுவாள்.

அப்பா இருபது வருஷத்துக்கு மேல் லோடு வண்டி ஓட்டியவர். எல்லாம் அடுத்தவர் வண்டி. அவற்றிலும் மீட்டர் இருந்தது, ஆனால் முள் அசையாது. டேங்கைத் தட்டிப் பார்த்து டீசல் எவ்வளவு என்பார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு ஆயில் மாற்ற வேண்டும் என்பார். சொந்தமாக வந்த இந்த வண்டியிலோ, சாவியைத் திருப்பியதும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று டேஷ்போர்டு முழுக்க விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. முதல் நாள் அப்பா பயந்துபோய்ச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

"இன்னாடா இது, ஆடி மாசத்துக் கோயிலாட்டம்?"

வண்டியோடு தடியாக ஒரு புத்தகம் வந்தது. முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் இத்தனை வருஷம் படித்தது இதற்குத்தான் என்று தோன்றியது. பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு விளக்கையும் படமாக வரைந்து, கலர் பென்சிலால் தீட்டி, சாயங்காலம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நான் சொன்ன பெயர் எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஆயில் விளக்கைப் பார்த்ததும் "மூக்கு வச்ச அகல்" என்றார். குளிரில் இன்ஜின் சூடேறுவதைக் காட்டும் விளக்கு சுருள் சுருளாக இருக்கும். அது தேன்குழல். சீட் பெல்ட் போடாவிட்டால் வயிற்றில் குறுக்குக் கோட்டோடு ஒரு ஆள் எரிவான். அவனைத் தொப்பைக்காரர் என்று மரியாதையோடு சொல்வார்.

"இது இன்னா, பச்சையா எல?"

"டீசலைச் சிக்கனமா எரிச்சா அது எரியும்ப்பா."

"அப்ப எனக்குத் தெனமும் எரியும்."

"இந்த அம்புக்குறி மேல காட்டினா அடுத்த கியர் போடச் சொல்லுதுன்னு அர்த்தம்."

அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. "கியர் எப்ப போடணும்னு எனக்கே இது சொல்லுமா? நேத்து வந்தது."

இன்னொரு விளக்கு பெட்டி போல இருந்தது, உள்ளே புள்ளி புள்ளியாக. அப்பா அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தார். அதைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிட்டேன். ஏனென்றால் முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி எழுதியிருந்தேன், அது எனக்கே மிகவும் பிடித்திருந்தது. சிவப்பு எரிந்தால் நிறுத்து. மஞ்சள் எரிந்தால் மெதுவாகப் போ, பிறகு சர்வீஸில் காட்டு. பச்சையும் நீலமும் எரிந்தால் எரியட்டும்.

"சிக்னல் மாதிரிதான" என்றார் அப்பா. "படிச்சவன் படிச்சவன்தான்."

அந்தச் சொல்லுக்காக இன்னும் பத்துப் புத்தகம் படித்திருப்பேன்.

இந்தச் சமயத்தில் அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. அவளைக் கொடுத்திருப்பது நூம்பலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வளை அடுக்கி, அன்றைக்கே திருமுல்லைவாயிலுக்கு, எங்கள் வீட்டுக்கு, கூட்டி வர வேண்டும். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். பெண் பிரசவத்துக்கு வருவது தன் சொந்த வண்டியில், முன் சீட்டில் இருக்க வேண்டும். கல்யாணத்தின்போது அக்காவின் கட்டில் பீரோவைக்கூட வேறொருவர் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்.

சம்மந்திக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த வண்டியைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு.

"லோடு வண்டில இன்னாத்துக்கு சம்மந்தி? நான் ஒரு காரு சொல்லி வைக்கிறேன்" என்றார் போனில்.

"காருல மூணு பேரு நசுங்கி வரணும். இதுல புள்ள ஜன்னலாண்ட காத்தோட்டமா வரும்" என்றார் அப்பா.

ஒருவழியாகச் சம்மந்தி ஒத்துக்கொண்டார். அந்தப் புதன்கிழமைதான் சல்லடை எரிந்தது. மஞ்சளாக.

அப்பா என்னிடம் கேட்டார். நான் நோட்டைத் திறந்து, என் விதியைப் பார்த்து, மெதுவாகப் போகச் சொன்னேன். அப்பா நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கினார். எஸ்டேட்டுக்குள் ஒரு பட்டறையில் ஏற்றி நாலாவது தெருவில் இறக்குகிற ஓட்டம்தான் அவருடையது. அதிலும் சிக்னல், கேட், டீக்கடை எங்கே நின்றாலும் இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டிக்கு ஓய்வு என்பார். சல்லடை அணையவில்லை. சனிக்கிழமை மத்தியானம் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. சர்வீஸில் திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அம்மா அவளிடம் விளக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவள் மாமனாரிடம் சொல்லியிருக்கிறாள்.

"மாமா சொல்லிட்டாருடா. லைட்டு எரியற வண்டில மாசமா கீற பொண்ண அனுப்ப மாட்டாராம். நாளைக்கி அவரே உள்ள பூந்து பாப்பாராம். எரிஞ்சா காருதான்."

அப்பா எழுந்துபோய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். காலையில்தான் துடைத்திருந்தார்.

நான் புத்தகத்தை எடுத்து, தாண்டிப்போன அந்த இரண்டு பக்கத்தையும் படித்தேன். படிக்கப் படிக்கக் காது சூடானது. டீசல் புகையில் வரும் கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் நிற்காமல் ஓடினால், அந்தச் சூட்டில் கரி எரிந்துபோகும். மெதுவாக, நின்று நின்று ஓடினால் எரியாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அப்போது சல்லடை எரியும். செய்ய வேண்டியது, இருபது நிமிஷம் அறுபதில், நிறுத்தாமல் ஓட்டுவது. அதையும் செய்யாமல் விட்டால் இன்ஜின் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். மஞ்சள் விளக்குகளிலேயே இது ஒன்றுக்குத்தான் வேகம் மருந்து. நான் நாலு நாளாக மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே போய் அப்பாவிடம் சொன்னேன். "நான் சொன்னது தப்புப்பா. என்னாலதான் மின்னுது."

துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "வேகமா போனா சரியாவுமா?"

"ஆவும்னு போட்டிருக்கு."

"இந்தப் பக்கத்தயாவது கடைசி வரிக்கும் படிச்சியா?"

"படிச்சேன்."

"சரி உடு. நீ மெதுவா போன்னு சொன்ன. எனக்கும் அதான் புடிக்கும். ரெண்டு பேருமா சேந்து நல்லா அடச்சிட்டோம்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்கம்மா வச்ச பொட்டு நாப்பதுலல்ல கீது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, வண்டியின் பின்னால் சீர்த்தட்டுகளையும் ஐந்து வகைச் சோற்றுப் பாத்திரங்களையும் ஏற்றிக் கயிறு கட்டினோம். சொந்தக்காரர்கள் வேனில் நேராகப் போய்விட்டார்கள். முன்னால் அப்பா, நடுவில் நான், ஜன்னலோரம் அம்மா. சாவியைத் திருப்பாமல் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா என்னைத் தாண்டி எட்டி, மீட்டரைப் பார்த்தாள்.

"இத்த நான் எங்க நாப்பதுன்னு வச்சேன்? கை போன எடத்துல வச்சேன்."

"அது தானா அமஞ்சது" என்றார் அப்பா.

"அமஞ்சா இன்னா? எம்பொண்ணு இந்த வண்டிலதான் வரணும்." இறங்கிச் சுற்றி வந்தாள். அப்பாவைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, முந்தானையை நனைத்து நாற்பதைத் துடைத்தாள். கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்தவள் என்னைப் பார்த்தாள்.

"அறுபது எதுடா?"

காட்டினேன். அங்கே பொட்டு வைத்தாள்.

எப்போதும் அயப்பாக்கம், திருவேற்காடு வழியாகத்தான் நூம்பல் போவோம். அன்றைக்கு எஸ்டேட் வந்து பைபாஸ் ஏறினோம். முள் நாற்பதுக்கு வந்ததும் அப்பாவின் கால் தானாகத் தளர்ந்தது. "மிதிங்க" என்றாள் அம்மா. ஐம்பது. ஜன்னல் வழியே காற்று அடித்து அம்மாவின் பூ என் மூக்கில் உரசியது. ஐம்பத்தைந்து. முள் பொட்டைத் தொட்டு நின்றது. நான் கைபேசியில் நேரம் பார்த்தேன். அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, ஏதோ ஏணி மேல் நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் பாத்திரங்கள் தாளம் போட்டன.

"தயிர் சோறு கொட்டிடப் போவுது" என்றார்.

"கொட்னா கொட்டட்டும். ரோட்ட பாருங்க."

மதுரவாயலில் இறங்கி பூந்தமல்லி சாலையில் திரும்பியபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஞாயிறு காலை, சாலை காலி. சிக்னல்கள்கூட எங்களுக்குப் பச்சையாகவே இருந்தன. வேலப்பஞ்சாவடி நெருங்கியதும்தான் எனக்கு உறைத்தது. நூம்பல் வந்துவிட்டது, பதினாலு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது, சல்லடை இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது.

"நிக்கக் கூடாதுப்பா. நேரா போங்க."

நூம்பலுக்குத் திரும்பும் இடத்தில் வெள்ளை வேட்டியில் சம்மந்தி நின்றிருந்தார், எங்களுக்கு வழிகாட்ட. வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நாங்கள் அறுபதில் அவரைக் கடந்து போனோம். அம்மா ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கக் கண்ணாடியில் அவர் தூக்கிய கையோடு சின்னதாகிக்கொண்டே போனார்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சம்மந்தி, பொண்ண குடுத்த ஊடு இங்க கீது. நீங்க பெங்களூருக்குப் போய்கினு கீறீங்க."

அம்மா பதில் சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. சல்லட எரியுது. அணஞ்சதும் வந்துர்றோம்."

"சல்லடையா?"

நான் விளக்கினேன். மறுபக்கம் சிரிப்பு கேட்டது.

"அந்த லைட்டா? எந்த லைட்டுன்னு ஒருத்தரும் சொல்லலியே. டெப்போல புது பஸ்ஸு வந்தப்போ எங்களுக்கும் இதே பேஜாருதான். எதுக்கும் காலை எடுக்காதீங்க சம்மந்தி, மிதிங்க. ஆனா வந்தப்பறம் நான் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

பூந்தமல்லி தாண்டியது. பதினெட்டு. பத்தொன்பது. நான் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திருமழிசை நெருங்கும்போது அம்மாதான் சொன்னாள்.

"டேய், சல்லடைய காணோம்."

அந்த இடம் கறுப்பாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன், விரலை வைத்துத் தேய்த்தும் பார்த்தேன். "போயிடுச்சுப்பா, திருப்பலாம்" என்றேன்.

அப்பாவின் கால் மட்டும் எழவில்லை. "எதுக்கும் இன்னும் கொஞ்சம் போவலாம். உள்ள எங்கியாவது ஒட்டிகினு இருக்கும்" என்றார். முகத்தைப் பார்த்தால் கரிக்காகப் போகிறவர் மாதிரி தெரியவில்லை. அடுத்தடுத்த இரண்டு திருப்பங்களைத் தாண்டிய பிறகுதான் மனசே இல்லாமல் திருப்பினார்.

நூம்பலில் சீர்த்தட்டுகளை இறக்கும் முன்பே சம்மந்தி வண்டிக்குள் ஏறிவிட்டார். நாங்கள் கதவருகே நின்றோம். அக்கா பட்டுப்புடவையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். சம்மந்தி சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன, சல்லடையும் சேர்ந்து. அது சோதனைக்காக எரிவது, புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனாலும் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தேன். சில தானாக அணைந்தன. சம்மந்தி இன்ஜினை உயிர்ப்பித்தார். அகல் போனது. தேன்குழல் போனது. சல்லடை ஒரு மூச்சு நேரம் நின்று, அதுவும் போனது.

"இந்த ஆளு மட்டும் எரியறாரே?"

"அவரு தொப்பைக்காரரு" என்றார் அப்பா. "நீங்க பெல்ட்டு போடல சம்மந்தி."

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எங்கள் எல்லோர் முன்னாலும் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். விளக்கு அணைந்தது. "கூட்டிகினு போங்க" என்றார்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. தயிர் சோறு கொட்டவில்லை, ஆனால் மாதுளை முத்தெல்லாம் அடிக்குப் போயிருந்தது. முடிந்ததும் ஆரத்தி கரைத்து வைக்க அம்மா வேனில் முன்னால் கிளம்பினாள். நாங்கள் மூன்று பேர் பிக்கப்பில். அக்கா ஜன்னலோரம், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுவிட்டேன், புத்தகத்தில் சொல்லியிருந்தபடி.

"எத்தினி பக்கம்டா படிச்ச?" என்று கேட்டாள்.

"இப்ப எல்லாம் படிச்சிட்டேன்."

பள்ளம் இல்லாத வழி என்று அப்பா பைபாஸிலேயே திரும்பினார். ஓரத்தை ஒட்டி, இருபத்தைந்தில். பொட்டு அறுபதில் இருந்தது, முள் அந்தப் பக்கமே போகவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. ஒரு தண்ணீர் லாரிக்காரர் ஜன்னல் வழியே எட்டி, அக்காவின் வளையல்களைப் பார்த்துவிட்டு, திட்ட வாயெடுத்தவர் திட்டாமல் போனார்.

மீட்டரில் இலை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அம்புக்குறி மேலே காட்டியது. அடுத்த கியர் போடச் சொன்னது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் காட்டியது.

அப்பா அதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வது போலச் சொன்னார்.

"சும்மா இரு. வண்டில புள்ள கீது."