பின்வரிசையின் கைதட்டல்

என் நண்பன் குணத்தின் வாய்ச்சோற்றைத் தட்டிவிடப் பேசியவன் நான். அந்தப் பேச்சுக்கு அவனையே கைதட்ட வைத்தவனும் நான்!

நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது... என் மனைவியிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் குணமும் நானும் ஒரே படிக்கட்டுக்காரர். அவன் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். டாக்பெங்கர் என்னும் வேலையற்றோர் உதவிப்பணத்தில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. அதன் காலமும் முடியப்போகிறது. அதை நீட்டுவதா, கூடாதா என்று எங்கும் வாக்குவாதம்.

நானோ ஒரு கட்சிக் கிளையில் புதிதாக முளைத்தவன். பாடசாலையில் கணக்கு ஆசிரியன், மொழி நன்றாக வந்துவிட்டது. தேர்தல் பட்டியலில் மேலே ஓரிடம் வேண்டும் என்ற ஆசை... ஆசை என்று மென்மையாகச் சொல்கிறேன். வெறி!

கிளைக் கூட்டத்தில் இந்த நீட்டிப்பைப் பற்றிப் பேச என்னையும் அழைத்தார்கள். நம்மவன் ஒருவன் மேடையேறினால் திரண்டு போய்ப் பின்வரிசையை நிரப்புவது எங்கள் வழக்கம். என்ன கட்சி, என்ன பேச்சு என்று எவரும் கேட்பதில்லை. ‘எங்கடை ஆள்’, அவ்வளவு போதும். குணமே வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தான். அவன் மனைவி மீன் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டாள்.

முதலில் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒரு நோர்வேஜியப் பெண்மணி பேசினார். ஐம்பதை நெருங்கியவனைத் தொழிற்சாலை கைவிட்டால் அவன் எங்கே போவான், காலத்தை நீட்டுங்கள் என்று கேட்டார். குணத்துக்காகவே பேசியதுபோல் இருந்தது. பின்வரிசை அசையவில்லை. அவர்களுக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி வேலைத்தலத்துக்கும் கடைக்கும்தான் காணும், மேடைப்பேச்சு பிடிபடாது. அதோடு, அவர் எங்கடை ஆள் இல்லையே!

பிறகு நான் எழுந்து நோர்வேஜிய மொழியில் பேசினேன். தமிழர் கையேந்துகிறவர்கள் அல்லர் என்றேன். வந்த புதிதில் நோர்வேயின் வடக்கே மீன் வெட்டினோம், இங்கே தரை கழுவினோம் என்றேன். பணம் வந்துகொண்டே இருந்தால் மனிதன் கதிரையைவிட்டு எழும்பமாட்டான் என்றேன். எனக்குத் தெரிந்த நல்ல உழைப்பாளி ஒருவரை உதவிப்பணம் சோம்பேறியாக்கிவிட்டது என்றும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது என் கண் போனது அவனிடம்தான்.

நான் முடித்ததும் முதலில் கைதட்டியவன் குணம். எழுந்து நின்று தட்டினான்...

இடைவேளையில் அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். பின்னால் இருப்பவர்களில் வேலை இழந்தவர்களும் உண்டா, அவர்களுக்கும் இதே கருத்துத்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. நீட்டிப்புக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது.

திரும்பும் ரயிலில் குணம் கேட்டான்:

“என்னண்ணை கதைச்சனீங்கள்? எல்லாரும் நல்லாக் கை தட்டினவை.”

“உனக்காகத்தான் கதைச்சனான்.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இறங்கும்வரை விடவில்லை.

நம்பித்தானே பேசினாய் என்று கேட்பீர்கள். பாதி நம்பினேன். கருத்து வேறுபாடு குற்றமா? இல்லை! ஆனால் நம்புகிறவன் அதைத் தமிழில், குணத்தின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாமா? எங்கள் சிறு கிளையின் தீர்மானம் சட்டத்தை மாற்றிவிடவில்லை என்று எத்தனையோ முறை என்னைத் தேற்றிப் பார்த்தேன்... அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் குணம் எழுந்து தனக்குத் தெரிந்த மொழியில் தன் வழக்கைத் தானே சொல்லியிருப்பான். அவன் வாயை நான் அடைத்துவிட்டேன்.

நீட்டிப்பு வரவில்லை. பணம் நின்றது. ஒஸ்லோவில் வேலை தேடி அலுத்து, மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு, முன்பு மீன் வெட்டிய அதே வடக்குக்குப் போனான். போகுமுன் வாக்குச்சீட்டில் எனக்குப் புள்ளடி போடும்படி வீடு வீடாகச் சொல்லிவைத்துவிட்டுப் போனான். நான் வென்றேன்! நத்தார் விடுமுறைக்கு அவன் வந்தபோது சின்ன மகள் அவனைத் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள்.

அண்மையில் அந்த மகளின் திருமணம். குளிரில் வேலை செய்து குணத்தின் விரல்கள் நிமிராமல் போய்விட்டன. மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டிச் சொன்னான்:

“அந்த நாளிலை எங்களுக்காக எழும்பிக் கதைச்ச ஒரே ஆள் இவர்தான்.”

மேடையில் யாரோ வாழ்த்துரையை முடித்தார்கள். மண்டபமே கைதட்டியது. குணமும் தட்டினான். மடங்கிய அந்தக் கைகளில் ஓசை எழவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்...

“சாப்பிட்டனியோ, குணம்?” என்றுதான் கேட்டேன்.