கண்டெடுத்த பிறகு

அந்த நாய்க்குத் தமிழ் பழக்கியது நான்தான். வேண்டுமென்று பழக்கவில்லை. பலேர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மையாரின், வீட்டில் எனக்குக் காலையில் துப்புரவு வேலை. மத்தியானம் அவருடைய நாயைத் துறைமுகப் பக்கம் நடத்திக் கொண்டுபோய் வரவேண்டும். அந்த நேரத்தில் நான் கதைக்கக்கூடிய ஒரே உயிர் அதுதான். "வா", "இரு", "அங்கை போகாதை" என்று சொல்லச் சொல்ல அதற்கு விளங்கத் தொடங்கிவிட்டது. பிறகு சிஞ்ஞோரா இத்தாலியனில் கூப்பிட்டால் அது என்னைத்தான் திரும்பிப் பார்க்கும். "என் வீட்டுக்குள்ளேயே என் நாயை வெளிநாட்டுக்காரனாக்கிவிட்டாயே" என்று அவர் சிரிப்பார்.

அதே நகரில் சீசா என்கிற பகுதியில் நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். மூன்று பேர் இருக்கிற அறையில் என்ன தனிமை என்று கேட்கலாம். ஒருவருக்கு ஹோட்டல் குசினியில் வேலை, மற்றவருக்கு இரவுக் காவல். ஒருவர் வரும்போது மற்றவர் போவார். நான் வீடு வந்து படுக்கும்போது கட்டிலில் முதல் படுத்தவரின் சூடு இருக்கும், ஆள் இருக்காது.

பின்னேரத்தில் பள்ளிக்கூடம். பெரியவர்களுக்கான இலவச வகுப்பு. முடித்தால் இத்தாலியப் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் அப்பா பள்ளிக்கூடப் படியே மிதிக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று உழவு மெசின் ஓட்டப் போனான். நான் படிக்கவேண்டும் என்பதற்காகப் போனான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் காலையில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவன் நிற்பான். அதனால் எந்த வகுப்பையும் என்னால் விளையாட்டாக எடுக்க முடிவதில்லை. வேலையால் களைத்து வந்து வகுப்பின் கடைசி வாங்கில் சாய்ந்து தூங்குகிறவர்களுக்கு நான் ஒரு பகிடி.

அந்த வருடம் வாய்மொழிச் சோதனைக்கு ஆசிரியை ஒரு விவாதம் வைத்தார். வட நாடொன்றில் ஒரு கம்பனி தன் வேலையாட்களின் கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், சிப் வைக்கிறதாம். கதவுக்கு நேரே கையைக் காட்டினால் கதவு திறக்குமாம். பத்திரிகைச் செய்தியை வாசித்துக் காட்டிவிட்டு, மனிதருக்கு சிப் "வைக்கலாம்", "கூடாது" என்று எழுதி மடித்த துண்டுகளை நீட்டினார்; யாருக்கு எது வருகிறதோ அந்தப் பக்கம் பேசவேண்டும். எனக்கு வந்தது "கூடாது".

சந்தோஷமாக இருந்தது. எனக்கு அதில் சொல்ல நிறைய இருந்தது. ஊரில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஆமியிடம் பாஸ் எடுத்தவர்கள் நாங்கள். சண்டை முடிந்து அடைத்துவைத்த முகாமில் காலையும் மாலையும் தலை எண்ணப்பட்டவர்கள். சீருடை போட்ட எவரும் எங்கள் பெயரைக் கேட்டது எங்களுக்கு நல்லது செய்வதற்காக அல்ல. உடம்புக்குள்ளேயே பெயரை வைத்துவிட்டால் ஒளிக்கிறதுக்கு எதுவும் மிஞ்சாது என்று எழுதினேன். எழுதியதை அறையில் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது குசினி வேலை அண்ணை படுத்தபடி கேட்டார்.

"என்ன பண்டிதர், ஆருக்கு ஏச்சு?"

"மனுசருக்கு சிப் வைக்கிறதைப் பற்றி அண்ணை. கூடாதெண்டு கதைக்கவேணும்."

"எனக்கு எப்பவோ வைச்சாச்சு தம்பி." தொடையில் தட்டிக் காட்டினார். "இஞ்சை கிடக்கு, சண்டையிலை வெடிச்ச செல் துண்டு. விமான நிலையத்துக்குப் போனா கீ கீ எண்டு கத்தும். கதவு மட்டும் ஒண்டும் திறக்கேல்லை."

அவர் சிரிக்க நானும் சிரித்தேன். அவர் அப்படியே குறட்டைவிடத் தொடங்கிவிட்டார்.

விவாதத்துக்குச் சில நாள் முன்னால் நாய் தொலைந்தது.

துறைமுகத்துக்குக் கிட்ட ஏதோ ஒரு மாதா கோயில் திருநாள். இந்த ஊரில் திருநாளென்றால் பட்டப்பகலிலும் வெடி போடுவார்கள். வெளிச்சமெல்லாம் இல்லை, சத்தம் மட்டும்தான். எனக்கு அது தெரியும், இங்கே வந்து சில வருடங்களாகிவிட்டன. ஆனால் எனக்குத் தெரிந்தது என் உடம்புக்குத் தெரியவில்லை. நாயோடு போன நான் முதல் வெடிக்கே நடைபாதையில் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். நிமிர்ந்தபோது ஒரு பிள்ளை ஐஸ்கிறீமோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கயிறு என் கையில் இல்லை.

தெருத்தெருவாகத் தமிழில் கூப்பிட்டுத் திரிந்தேன். "வா, வா, எங்கை நிக்கிறாய்?" சனம் ஒதுங்கிப் போனது. சிஞ்ஞோரா என்னை ஏசவில்லை. "அதன் கழுத்தில் சிப் இருக்கிறது, எப்படியும் கண்டுபிடிப்பார்கள்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். எங்கேயோ ஓர் அலுவலகத்தில், ஒரு திரையில், பலேர்மோ வரைபடத்தில் எங்கள் நாய் ஒரு புள்ளியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சிஞ்ஞோராவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அன்று அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். மத்தியானம் நடை முடிய, கப்பல்கள் தெரிகிற ஒரு வாங்கில் உட்கார்ந்து வைபரில் அம்மாவோடு கதைப்பது என் வழக்கம். அப்போது அங்கே பொழுதுபடும் நேரம். அம்மா றோட்டோரக் கொட்டிலில் இருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார். காணாமல்போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருக்கிற கொட்டில் அது. அம்மாவின் மடியில் இருப்பது அண்ணனின் படம். கடைசிச் சண்டையின்போது தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பிளாஸ்ரிக் கானோடு போனவன் திரும்பவில்லை. "இருக்கிறான் மோனை, எங்கையோ வைச்சிருக்கிறாங்கள்" என்று அம்மா சொல்லாமல் ஒரு நாளும் போனை வைத்ததில்லை. ஒருமுறை மாமா, அவனுக்கு ஒரு திவசமென்றாலும் செய்வமே என்று கேட்டதற்கு அம்மா மாமாவோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

"நாய் வந்ததோ? அது வாயில்லாச் சீவன், பசிக்குமெல்லோ" என்று அடுத்த நாளும் முதல் கேள்வி அதுதான்.

அதற்கு அடுத்த நாள் ஒரு மிருக வைத்தியர் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தார். சரக்குக் கொள்கலன்களுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு கிடந்த நாயைத் துறைமுகத் தொழிலாளர் தூக்கிக் கொண்டுபோய் அவரிடம் விட்டிருக்கிறார்கள். நான் ஓடினேன். "வா" என்ற ஒரு சொல்லுக்கு அது மேசையிலிருந்து என் மேல் பாய்ந்தது.

வைத்தியர் ஒரு சின்னக் கருவியை அதன் கழுத்தருகே பிடித்துக் காட்டினார். பீப் என்றது. திரையில் இலக்கம் வந்தது; அதைப் பதிவேட்டில் பார்த்துத்தான் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"அது எங்கே நின்றது என்று இதில் முதலே தெரியவில்லையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எப்படித் தெரியும்? உள்ளே பற்றரி கூட இல்லை. ஒரு அரிசிமணி அளவுதான். ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே வாசிக்காது. இது தேடாது தம்பி. யாராவது கண்டெடுத்த பிறகுதான் இது யார் என்று சொல்லும்." கருவியைத் துடைத்து வைத்தபடி, "றோட்டில் அடிபட்டுச் செத்துக் கிடப்பதிலும் இதைப் பிடித்துப் பார்ப்போம். வீட்டுக்காரருக்குச் சொல்லவேண்டுமே" என்றார்.

நாயோடு அந்த வாங்கில் போய் இருந்து அம்மாவுக்கு எடுத்தேன். நாய் கிடைத்துவிட்டது என்றதும் "முருகா" என்றார். பிறகு கேட்டார்.

"உந்தச் சிப்பு மனுசருக்கும் வைக்கேலுமோ?"

"ஏலும் அம்மா. சில இடத்திலை வைக்கினம்."

"அப்ப உன்ரை அண்ணனுக்கு அப்பவே ஒண்டு வைச்சிருந்தா, எந்த முகாமிலை வைச்சிருக்கிறாங்கள் எண்டு பார்த்திருக்கலாமெல்லோ."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவன் விளக்கம் சொல்லாமல் இருக்கமாட்டானே.

"இல்லை அம்மா. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அது இடம் காட்டாது. ஆரும் கண்டெடுத்தாப் பிறகு, கிட்டப் பிடிச்சுப் பார்த்தா, இது இன்னார் எண்டு மட்டும் சொல்லும்."

அந்தப் பக்கம் ஓட்டோ ஒன்று போகிற சத்தம் கேட்டது. கோழிகளை யாரோ கூட்டுக்குள் விரட்டினார்கள்.  

"எலும்பெண்டாலும் சொல்லுமோ, மோனை?"

"ஓம் அம்மா. எலும்புக்குப் பக்கத்திலை சிப்பு கிடந்தாச் சொல்லும்."

"அது காணும்" என்றார் அம்மா. "எனக்கு அவ்வளவு போதும்."

அன்றைக்கு, இருக்கிறான் என்று சொல்லாமலே போனை வைத்தார். நாய் என் சப்பாத்தை மணந்துகொண்டிருந்தது. கப்பலிலிருந்து லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அம்மா அங்கே தனியாக, விளக்கும் போடாமல் இருப்பார் என்று நினைத்தேன். நான் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்த நாள் ஆசிரியையிடம் பக்கம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார். சும்மா, என்றேன். "இது பயிற்சிதானே, உன் மனதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லையே" என்றார். என் மனம் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. எழுதி வைத்திருந்ததில் ஒரு வரியாவது பொய்யா என்று பார்த்தேன். பொய் இல்லை. பாஸும் உண்மை, தலை எண்ணியதும் உண்மை. அம்மா சொன்னதும் உண்மை.

விவாதத்தன்று எதிர்ப்பக்கத்தில் பேசியவர் மீன் சந்தையில் வேலை செய்கிற ஐம்பது வயதுக்காரர், இந்த ஊர்க்காரர். சின்ன வயதில் விட்ட படிப்பை முடிக்க வந்தவர். சந்தையில் கூவுகிற குரலிலேயே பேசினார். "என் அப்பாவுக்கு மறதி. வீட்டைவிட்டு இறங்கினால் போய்க்கொண்டே இருப்பார். நாய்க்கு வைக்கிறீர்கள், என் அப்பாவுக்கு வைத்தால் என்ன? நான் உடனே கண்டுபிடிப்பேனே!"

வகுப்பு கைதட்டியது. என் முறை வந்தது. அவருக்கான பதில் என்னிடம் இருந்தது.

"அது தேடித் தராது" என்றேன். "கண்டெடுத்த பிறகு யாரென்று மட்டும்தான் சொல்லும்." வைத்தியர் சொன்னது முழுவதையும் சொன்னேன்.

 மீன்காரர் இரண்டு கைகளையும் விரித்தார். "அவ்வளவுதானா? அப்படியென்றால் எனக்கு வேண்டாம். கண்டெடுத்தால் நானே பார்த்துச் சொல்லமாட்டேனா, இதுதான் என் அப்பா என்று? அந்த மூக்கை வேறு யாரிடம் பார்ப்பது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். முகம் பார்த்துச் சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவருடைய பக்கம் வென்றிருக்கும். அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் மற்றப் பக்கத்தில் நின்றேன். மிச்சத்தை வாசித்து முடித்துவிட்டு வந்து இருந்தேன். நாங்கள் வென்றோம். போகும்போது மீன்காரர் என் தோளில் தட்டி, "வழக்கறிஞர்!" என்றார். அந்த வகுப்பில் யாருக்கும் எனக்கு ஓர் அண்ணன் இருந்தது தெரியாது.

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்கு எடுத்தேன். கொட்டிலுக்குப் போனவரா என்று கேட்டேன்.

"போகாமல்? படத்தோடை போயிட்டுத்தான் வாறன். பேச்சுச் சோதினை எண்டு சொன்னனீ, என்னண்டு போச்சு?"

"வெண்டிட்டம் அம்மா."

"என்ன சொன்னனீ?"

"சிப்பு வேண்டாமெண்டு சொன்னனான்."



"அது சோதினைக்குத்தானே?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி." பிறகு, போனை வைக்கப்போகிற குரலில் கேட்டார். "நாய் பக்கத்திலை நிக்குதோ?"

"நிக்குது."

"கயித்தை விட்டிடாதை, மோனை."