ரிஃபாத்தின் முகம் போட்ட ஃப்ளெக்ஸ்

ரிஃபாத் தென்காசியில் ஒரு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியின் லேபில் இருக்கிறாள். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியில் ஒரே ஒரு விந்தணுவைப் பிடித்து, முட்டைக்குள் இறக்கிவிடுவது அவள் தினசரி வேலை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் அவள் உம்மா சைதூன் பீவி இவ்வளவு விவரம் சொல்வதில்லை. "லேப்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சர்க்கரை டெஸ்ட் எடுக்கிற பெண் என்று நினைத்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், விஷயம் தெரிந்ததும் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். மிச்சத்தை ரிஃபாத் தின்றாள்.

ஆஸ்பத்திரி முதலாளி குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி டாக்டர் இல்லை, லாட்ஜ்காரர். டாக்டரம்மா திருநெல்வேலியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வந்துபோவார். ஆனிச் சாரல் தொடங்கிய சமயம் அண்ணாச்சியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பழுதான கருமுட்டையைச் சரிசெய்ய வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறதாம். ஆராய்ச்சி என்ற சொல்லை மட்டும் கழித்துவிட்டு மற்றதை ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

மறுவாரம் மெயின் அருவி ரோட்டில், மூலிகை எண்ணெய் மசாஜ் போர்டுக்கும் ரம்புட்டான் கடைக்கும் நடுவில் அது எழுந்து நின்றது. 'பழுதடைந்த கருமுட்டை, கரு ஆகியவை நவீன முறையில் சரிசெய்து தரப்படும்.' பக்கத்தில் ரிஃபாத். வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த ஃபோட்டோ. மூக்கு மட்டும் ஜன்னல் அளவுக்கு இருந்தது.

பத்து நாள் கழித்துத்தான் அது அவள் கண்ணில் பட்டது. போய்ச் சண்டை போட்டாள். ஃபேன் ஓடவில்லை என்றால் காயில் மாற்றுகிறார்கள், முட்டைக்கு மாத்திரம் முடியாதா என்று அண்ணாச்சி கேட்டார். காயில் கடையில் கிடைக்கும், குரோமோசோம் கிடைக்காது என்றாள். சீசன் முடியட்டும், ஆவணியில் இறக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ரிஃபாத் ஒரு பேப்பர் கட்டர் வாங்கினாள். ரம்புட்டான் கடை ஸ்டூலை இரவல் கேட்டு ஏறி, தன் தாடையிலிருந்து அறுக்க ஆரம்பித்தாள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். காதுவரை வந்தபோது விசில் சத்தம் கேட்டது.

விசில் ஊதியவள் ஏட்டு சங்கரேஸ்வரி. ராயகிரிக்காரி. பெண்கள் குளிக்கிற பக்கம் சீசன் பந்தோபஸ்து பார்த்து, காக்கி தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏம்மா, யாரு மூஞ்சிய யாரு அறுக்க?"

"என் மூஞ்சிதான் மேடம். நான்தான் அறுக்கேன்."

சங்கரேஸ்வரி இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அடுத்து பேர், விலாசம் கேட்பாள் என்று ரிஃபாத் நினைத்தாள். அவளோ ஸ்டூலை ஒட்டி வந்து, குரலை இறக்கி, "இதுல போட்டிருக்கது நெசமா?" என்றாள்.

அவளுக்கு நாற்பது வயசு. புருசன் மகாராஜா பட்டாளத்தில் இருக்கிறான். வெளியூரில் மூன்று தடவை வைத்தியம் பார்த்தாயிற்று. கடைசியாகப் பார்த்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் 'முட்டை சரியில்ல' என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பது நாளாக அவளுக்கு டூட்டி இந்த ஃப்ளெக்ஸுக்கு எதிரில்.

ரிஃபாத் இறங்கினாள். ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"இல்ல மேடம். வயசு ஏற ஏற முட்டைக்குள்ள குரோமோசோம் ஒழுங்கா பிரியாது. அதைச் சரிபண்ணத்தான் எங்கேயோ பாடுபடுதாங்க. எங்க லேப்ல அதெல்லாம் கிடையாது. நல்ல முட்டை வந்தா கெடுக்காம பாத்துக்கிடுவேன். கெட்டது வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சங்கரேஸ்வரி அந்த ஜன்னல் மூக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூஞ்சிய மட்டும் எடுத்தா எழுத்து நிக்கும்லா? அந்தப் பக்கத்துக் கயித்த அறு. மொத்தமா இறங்கிரும்." சொல்லிவிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் குதித்தார். அனுமதி வாங்காமல் வைத்தது யார் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

சீசன் முடிந்து புரட்டாசியில் சங்கரேஸ்வரி அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எதுவானாலும் ரிஃபாத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரே நிபந்தனை. மகாராஜா இரண்டு நாள் லீவில் வந்து விந்து கொடுத்துவிட்டுப் போனான். ஆறு முட்டை எடுத்தார்கள். நாலுதான் முதிர்ந்தவை. இரண்டு கருவானது. மூன்றாம் நாள் அதில் ஒன்று வளராமல் நின்றுபோனது. ரிஃபாத் தினமும் காலையில் போன் போட்டுச் சொல்வாள். போலீஸ் வயர்லெஸ்ஸில் சொல்வதுபோல் "நோட்டட்" என்று வைத்துவிடுவாள் சங்கரேஸ்வரி. ஐந்தாம் நாள் மிஞ்சிய கருவை உள்ளே வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

அதையும் ரிஃபாத்தான் சொன்னாள்.

"சரிபண்ணித் தாரேன்னு நீ சொல்லியிருந்தா வாய் நிறையத் திட்டியிருப்பேன்" என்றாள் சங்கரேஸ்வரி. "சொல்லல. அதுதாம்ட்டி எரிச்சலா வருது."

அன்றைக்கு ரிஃபாத் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

தையில் மகாராஜா மறுபடி லீவில் வந்திருந்தான். இரண்டு பேரும் லேப் வாசலில் வந்து நின்று, அந்தக் கருவைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். கரு எங்கே இருக்கிறது, ஃபோட்டோதான் இருந்தது. ஐந்தாம் நாள் எடுத்தது. மகாராஜா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வட்டமா நல்லாத்தான இருக்கு. உன்ன மாதிரி."

சங்கரேஸ்வரி அவன் விலாவில் முழங்கையால் ஒன்று வைத்தாள். வெளியே நல்லா இருந்தாலும் உள்ளே எப்படி என்று இதில் தெரியாது என்றாள் ரிஃபாத். ஃபோட்டோவை என்ன செய்வது என்று அவன் முழித்தபோது, சங்கரேஸ்வரி வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, சித்திரைக்கு இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு போனார்கள்.