சைக்கிளில் வந்த சொந்தம்

டென்மார்க்கில், விபோர்க்குக்கு அருகே ஒரு கிராமத் தேவாலய அலுவலகத்தில் நிற்கிறோம். லண்டன் மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் அயர்லாந்துக்காரி நோரா, தன் பாட்டனாரின் தம்பி தோமஸைத் தேடி வந்திருக்கிறாள். கப்பலேறிப் போனவர், இந்த ஊரிலிருந்து ஒரேயொரு கலியாணப் படம் அனுப்பியதோடு சரி. விபோர்க்கில் வசிக்கும் என் தம்பி ஜெராட்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன்.

பாதிரியார் பழைய திருமணப் பதிவேட்டை விரலால் தடவி வாசிக்கிறார். அந்தக் கோணல் எழுத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'அயர்லாந்து' என்பது மட்டும் காதில் விழுகிறது. நோரா என் கையை இறுக்குகிறாள். பாதிரியார் நிமிர்ந்து சிரிக்கிறார்.

"அக்கா, தோமஸின்ரை கடைசி மகள் உயிரோடை இருக்கிறாவாம். பக்கத்து வீதிதானாம்!" என்கிறான் ஜெராட்.

பாதிரியார் தொலைபேசியில் பேசிய கொஞ்ச நேரத்தில், எண்பது வயதுக்காரி ஒருத்தி சைக்கிளில் வந்து குதிக்கிறாள். ஏப்ரனில் மாவு. நோராவின் அதே தாடை. நோராவின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, படபடவென்று டேனிஷில் ஏதோ சொல்கிறாள். ஒரு சொல்லும் விளங்காமலே நோரா அழுதபடி சிரிக்கிறாள்.

"என்னடா சொல்லுறா?"

"அயர்லாந்துச் சொந்தம் ஆரும் வருமெண்டு சின்னனிலையிருந்து பாத்துக்கொண்டிருக்கிறாவாம். ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள் எண்டு கேக்கிறா. கோப்பி ஆறுதாம், எல்லாரையும் வரட்டாம்."